விளிம்பில் ஒரு பெயர்

சென்ற ஆண்டு ஆயுத பூஜை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நாம் ஒரு விண்ணப்பம் செய்துகொண்டோம். பூஜைக்காக வீட்டைத் துடைத்துப் பரண்களையெல்லாம் ஒழித்திருப்பீர்கள். அப்போது அகப்பட்ட பழைய பொருள் ஒன்றை ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்து காட்டுங்கள் என்பதே அந்த விண்ணப்பம். மறுநாள் மேஜையின் மேல் ஒரு கண்காட்சியே கூடிவிட்டது. பித்தளை வெற்றிலைப் பெட்டி, அரைப்படி, துருப்பிடித்த எழுத்தாணி, சிம்னியில்லாத அரிக்கேன் விளக்கு என்று எத்தனையோ வந்தன. கடைசியாக, இராசிபுரத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்துப் பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு வட்டத் தகட்டை எடுத்து வைத்தான். "அம்மன் காசு, சார். எங்க வீட்டுச் சாமி மாடத்துல இருக்குது" என்றான்.

கையில் எடுத்துப் பார்த்தோம். ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த வெண்கல வட்டம். ஒரு பக்கத்தில் சிறகு விரித்து நிற்கும் பெண்ணுருவம். பல தலைமுறைக் குங்குமம் சிறகின் மடிப்புகளில் ஏறிப் போயிருந்தது. மறு பக்கத்தில் இலை வளையத்துக்குள் ஆங்கிலத்தில், 'நாகரிகத்துக்கான மகாயுத்தம், 1914–1919' என்னும் பொருள்பட எழுதியிருந்தது. முதல் உலக யுத்தம் முடிந்தபின் பிரிட்டிஷ் சர்க்கார் தன் படைவீரர்களுக்கு வழங்கிய வெற்றிப் பதக்கம் அது! சிறகுடைய அந்தப் பெண் மேல்நாட்டாரின் வெற்றித் தெய்வம். அவளை நம் ஊர்க் குடும்பம் ஒன்று மாரியம்மனென்று எண்ணி நூறு வருஷமாய்ப் பூச்சூட்டிக் கும்பிட்டு வந்திருக்கிறது. அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. வெற்றித் தெய்வத்துக்கு அவள் பிறந்த நாட்டில்கூட இவ்வளவு மஞ்சளும் குங்குமமும் கிடைத்திராது.

ஆனால் விஷயம் முகப்பில் இல்லை. பூதக்கண்ணாடியைப் பையனிடம் கொடுத்து, "விளிம்பைச் சுற்றிப் பார், தம்பி" என்றோம். அவன் தகட்டை மெல்லத் திருப்பித் திருப்பி எழுத்துக் கூட்டினான். ஓர் எண், சிப்பாய் என்ற பதவி, ஒரு பெயர், பிறகு '61 பயோனியர்' என்ற படையின் பெயர். பெயரைப் படித்ததும் வகுப்பு நிசப்தமாயிற்று. "இது யார்?" என்று கேட்டோம். "தெரியலைங்க, சார். எங்க வீட்டுல பட்டாளத்துத் தாத்தான்னுதான் சொல்லுவாங்க" என்றான்.

பாட்டியின் புளி

அந்த வீட்டுக் கதையை முடிப்பதற்கு முன் நம் வீட்டுக் கதையையும் ஒப்புக்கொண்டுவிடுவது நியாயம். நம் கொள்ளுத்தாத்தா தாலுகா கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர். 1935-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பட்டமேறி இருபத்தைந்து ஆண்டு நிறைந்தபோது வெளியிட்ட வெள்ளி விழாப் பதக்கம் ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. மன்னரும் இராணியும் கிரீடத்துடன் தோன்றும் அழகான சிறு பதக்கம். அழகாய் இருந்திருக்கவேண்டும் என்றுதான் சொல்லமுடியும். ஏனெனில் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் நம் பாட்டியார் அதைப் புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் துலக்கிவந்தார். நாம் பார்க்கும் வயது வந்தபோது, இராணியின் முகம் வழுக்கையாகி, மன்னரின் மூக்கு மறைந்து, தாடி மட்டும் தனியே மிதந்துகொண்டிருந்தது. சக்கரவர்த்தியின் சாம்ராஜ்யத்தை மகாத்மா காந்தி தீர்த்தார். மூக்கை எங்கள் பாட்டியார் தீர்த்தார்.

அந்நிய மன்னனின் மூக்குப் போனால் நமக்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். மூக்குப் போனதில் நமக்கும் வருத்தமில்லை. ஆனால் கொள்ளுத்தாத்தாவுக்கு அது எதற்காக, யார் கையால், எந்த ஊரில் கிடைத்தது என்பதை ஒருவரும் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதி வைக்கவில்லை. அதுதான் நஷ்டம். எழுத்து இல்லாத பதக்கம் வெறும் வெள்ளி. வெள்ளிக்கு உலகத்தில் ஒரே மதிப்பு, தராசு சொல்லும் மதிப்புத்தான்.

சிங்கமும் புலியும்

நினைவுப் பதக்கம் என்பது நாணயமும் அன்று, நகையும் அன்று. அதைக் கொண்டு கடையில் உப்பு வாங்கமுடியாது. ஒரு நிகழ்ச்சியையோ ஒரு மனிதரையோ மறவாதிருக்க, சிற்பி ஒருவர் உள்ளங்கையளவு உலோகத்தில் செய்த இருபுறச் சிற்பம் அது. இந்தக் கலையை 1438-ஐ ஒட்டித் தொடங்கிவைத்தவர் பிஸனெல்லோ என்ற இத்தாலிய ஓவியர். பைஜாந்தியச் சக்கரவர்த்தி எட்டாம் ஜானின் முகத்தை அவர் பதக்கத்தில் வார்த்தார். நம் நாட்டில் இந்த வேலையைக் கல் செய்தது. பழைய சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்த தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் ஆநிரை மீட்டு மாண்ட வீரர்களின் நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. வீரன் பெயரும் அவன் மாண்ட காரணமும் அவற்றில் வெட்டப்பட்டிருக்கின்றன. மேல்நாட்டார் உலோகத்தில் செய்ததை நம்மவர் கருங்கல்லில் செய்தார்கள், நோக்கம் ஒன்றே.

சேலம் நாமக்கல் சமவெளியோடு நெருங்கிய தொடர்புள்ள பதக்கம் ஒன்று உண்டு. திப்பு சுல்தானுடன் 1792-ல் நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் பாராமகாலும் சேலமும் கும்பெனியார் வசமாயின. மறுபடி யுத்தம் மூண்டு, 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு போர்க்களத்தில் உயிர் நீத்தார். அந்த வெற்றிக்காகக் கும்பெனியார் ஒரு பதக்கம் அடிக்க ஏற்பாடு செய்தார்கள். பர்மிங்ஹாம் நகரத்தில் மாத்யூ போல்ட்டனின் ஸோஹோ நாணயசாலையில், குச்லர் என்ற சிற்பி அச்சு வெட்ட, அது உருவாயிற்று. வழங்கியது 1808-ல்.

முகப்பில் ஒரு சிங்கம் ஒரு புலியைக் கீழே தள்ளி மிதிக்கிறது. சிங்கம் பிரிட்டன், புலி திப்பு. சிங்கத்துக்கு மேலே பறக்கும் கொடியில், இறைவனின் சிங்கமே வெல்லும் என்று அரபு எழுத்தில் பொறித்திருக்கிறது. திப்புவின் சமயமொழியையே எடுத்துத் திப்புவின் தோல்வியை எழுதியிருக்கிற சாமர்த்தியத்தைக் கவனியுங்கள்! பின்புறத்தில் கோட்டை மதிலை நோக்கிப் படை ஏறும் காட்சி.

சிற்பத்தில் எல்லாருக்கும் ஒரே சிங்கம், ஒரே புலி. உலோகத்தில்தான் வித்தியாசம். உயர்ந்த தலைவர்களுக்குத் தங்கம், அடுத்தவர்களுக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி, பிறகு வெள்ளி, பிறகு வெண்கலம், கடைசியில் சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பின் உலோகம் எதுவோ அதுவே! மதிலில் முதலில் ஏறியவனுக்கு ஈயம், கூடாரத்தில் இருந்தவருக்குத் தங்கம். கும்பெனி ஆட்சியின் இலட்சணத்தை ஆயிரம் பக்கத்தில் எழுதினாலும் இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. பதக்கம் ஜயித்தவன் சொல்ல விரும்பியதைச் சொல்லுகிறது என்பது உண்மை. ஆனால் உலோகத்தையும் எடையையும் குறித்துக்கொண்டு பார்க்கிறவனுக்கு, அவன் சொல்ல விரும்பாததையும் சொல்லிவிடுகிறது.

திப்புவுக்குத் துணை நின்று, பின்னும் பணியாமல் போரிட்ட தீரன் சின்னமலை 1805-ல் நம் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு அக்காலத்தில் யாரும் பதக்கம் அடிக்கவில்லை. ஆடிப் பதினெட்டும், பாட்டும், வாய்வழிக் கதையுமே அவருடைய பதக்கம். இந்திய சர்க்கார் அவருக்குத் தபால் தலை வெளியிட்டது 2005-ல்; இடையில் இருநூறு வருஷங்கள் ஓடிவிட்டன.

பஞ்ச காலத்தில் ஒரு பதக்கம்

இன்னொன்று கேளுங்கள். 1877 ஜனவரி முதல் தேதி, விக்டோரியா மகாராணியை இந்தியச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்ய லிட்டன் பிரபு தில்லியில் தர்பார் கூட்டினார். அதற்காக அடித்த பதக்கம் இரண்டேகால் அங்குல அகலம். சுதேச மன்னர்களுக்குத் தங்கத்தில். அதிகாரிகள் முதலியோருக்கு வெள்ளியில். முகப்பில் மகாராணி, பின்புறத்தில் 'கெய்ஸர்-இ-ஹிந்த்' என்ற பட்டம் ஆங்கிலம், பாரசீகம், தேவநாகரி ஆகிய மூன்று எழுத்துக்களில்.

அதே ஜனவரியில் சேலம் ஜில்லாவில் என்ன நடந்தது? 1876-ல் மழை பொய்த்துத் தாது வருஷப் பஞ்சம் தலைவிரித்தாடியது. நிவாரண வேலையில் கல் உடைத்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதுமென்று ஸர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தது அந்த மாதத்தில்தான். 1871-ல் ஏறக்குறைய 19½ லட்சமாக இருந்த சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1881-ல் 16 லட்சமாகக் குறைந்திருந்தது. பதக்கத்தில் இதைப்பற்றி ஓர் எழுத்தும் இல்லை. அங்கே காணப்படுவது தேதி மட்டுமே. அந்தத் தேதியை ஜாபிதாவில் குறித்து, அதற்கெதிரே நம் ஜில்லாவின் கதையையும் எழுதிவிட்டால், பளபளப்பான வெள்ளி திடீரென்று வேறு விதமாய்த் தோன்றுகிறது.

நாமக்கல் கவிஞரின் தங்கம்

இதற்கு நேர்மாறான கதையும் நம்மிடம் உண்டு. மோகனூரில் 1888-ல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை கவிஞராகப் புகழ் பெறுமுன் ஓவியராகப் புகழ் பெற்றவர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தில்லி முடிசூட்டு விழாவையொட்டி அவர் தீட்டிய ஓவியத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. சக்கரவர்த்தியின் தங்கம் அவரைச் சக்கரவர்த்தியின் ஆளாக்கிவிட்டதா? இல்லை. 1930-ல் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்ட தொண்டர்கள் பாடிச் சென்றது அவர் பாட்டை; 1932-ல் அவர் சிறை புகுந்தார். 1949-ல் சென்னை மாகாணத்தின் ஆஸ்தான கவியானார். 1971-ல் பாரதக் குடியரசு அவருக்குப் பத்ம பூஷண் வழங்கியது. அந்தப் பதக்கத்தில் மன்னனும் இல்லை, கிரீடமும் இல்லை. ஒரு தாமரைப் பூ இருக்கிறது. ஒரே மனிதரின் வாழ்வில், ஒரு முனையில் மன்னன் கொடுத்த தங்கம், மறு முனையில் மக்கள் கொடுத்த தாமரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் அதுவே தேச சரித்திரம்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டும் பதக்கமும் உண்டு. சுதந்திரம் வந்தபின் படையினருக்கும் போலீஸாருக்கும் வழங்கிய 1947-ஆம் வருஷத்துச் சுதந்திரப் பதக்கத்தில் நடுவே அசோகச் சக்கரம்; அதன் தலைமேல் பிரிட்டிஷ் கிரீடம்; சுற்றிலும் ஆறாம் ஜார்ஜின் விருதுகள். பின்புறத்தில் அசோகச் சிங்கங்கள். நாடாவோ காவி, வெள்ளை, பச்சை! 1950-ல் குடியரசு ஆகும்வரை நாம் எந்த நிலையில் இருந்தோம் என்பதை மாணவர்களுக்கு விளக்க, இதைவிடச் சிறந்த பாடப் புத்தகம் நாம் கண்டதில்லை.

எழுதி வைப்பது எப்படி?

சேர்ப்பதற்குப் பணம் வேண்டும். எழுதுவதற்குப் பென்சில் போதும். ஆகையால் உபாத்தியாயர்களுக்கு ஏற்றது இரண்டாவதுதான்.

முதல் விதி, துலக்காதே. புளி, சாம்பல், பல்பொடி, எலுமிச்சம்பழம் எல்லாம் குத்துவிளக்கோடு நிற்கட்டும். காலத்தால் படிந்த கறுப்பு பதக்கத்துக்குக் கவசம். இரண்டாவது, ஓட்டை போட்டு வளையம் கோக்காதே. மூன்றாவது, முகப்பைத் தொடாமல் விளிம்பில் பிடித்து எடு.

பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திற. முன்புறம் என்ன, பின்புறம் என்ன, கீழ்க்கோட்டின் அடியில் என்ன எழுத்து, சிற்பியின் பெயரோ முதலெழுத்துக்களோ எங்கே இருக்கின்றன என்று கண்ணில் படுவதை மட்டும் எழுது. ஊகத்தை அதற்கென்று தனிப் பத்தியில் எழுது. மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் உருவம் காகிதத்தில் எழும்பும். அகலம் மில்லி மீட்டரில், எடை கிராமில். எந்த ஊர்ப் பொற்கொல்லரும் தம் தராசில் எடை பார்த்துச் சொல்ல மறுக்கமாட்டார்.

உலோகம் எது என்ற சந்தேகம் வந்தால் ஆர்க்கிமிடீஸ் இருக்கிறார். பதக்கத்தை நூலில் கட்டிக் காற்றில் ஒருமுறையும், நீரில் மூழ்கவிட்டு ஒருமுறையும் நிறுக்கவேண்டும். காற்றில் 21 கிராம், நீரில் 2 கிராம் குறைகிறது என்றால், 21-ஐ 2-ஆல் வகுக்க 10.5 வரும், அது வெள்ளி. 9-ஐ ஒட்டி வந்தால் செம்பு வகை, 7.3 வந்தால் நம் ஈயச் சொம்பு.

எல்லாவற்றுக்கும் மேலாக, விளிம்பைப் படி. யாருடையது, எப்படி இந்த வீட்டுக்கு வந்தது, வீட்டார் என்ன சொல்லுகிறார்கள் என்பதை அவர்கள் சொற்களிலேயே எழுது.

எண் கொடுப்பதற்கும் வழி உண்டு. கானடா தேசத்து ராபர்ட் புடஸ்டர், 1750 முதல் 1947 வரை பிரிட்டிஷ் இந்தியா சம்பந்தமாக வெளியான நினைவுப் பதக்கங்களைத் தொகுத்து 2002-ல் ஒரு பெரிய ஜாபிதா வெளியிட்டார். ஆண்டின் கடைசி மூன்று இலக்கங்களே அதில் எண்ணின் தொடக்கம். ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கத்தின் எண் 799 என்று ஆரம்பிக்கும். எண்ணைப் பார்த்ததும் ஆண்டு தெரிந்துவிடும். நம் பிள்ளைகளும் அந்த முறையையே கைக்கொண்டிருக்கிறார்கள். கானடாவில் இருந்த ஒருவர் நம் தேசத்துப் பதக்கங்களைப் பற்றி இவ்வளவு எழுதியதற்கு நன்றி சொல்வோம். ஆனால் இராசிபுரத்து மாடத்தில் குங்குமம் பூசியிருக்கும் பதக்கத்தை அவர் எப்படி எழுதமுடியும்? அது நம் வேலை.

செவ்வாய்ப்பேட்டைக்குப் போன வெள்ளி

அடுத்த சனிக்கிழமை பையனுடைய கிராமத்துக்குப் போனோம். அவனுடைய அப்பத்தாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர்.

"இதோட இன்னொன்னு இருந்துதுங்க, வாத்தியாரய்யா. வெள்ளி. குதிரை மேல ஒரு ஆளு உக்காந்திருப்பான். என் மகளுக்குக் காது குத்துனப்ப, சேலத்துல செவ்வாப்பேட்டைக்குக் கொண்டுபோய்ப் போட்டுட்டு, கொலுசு வாங்கியாந்தமுங்க. இது பித்தாளைன்னு கடைக்காரரு எடுத்துக்கலை" என்றார்.

அவர் சொன்ன அடையாளம் சரியே. வெற்றிப் பதக்கத்தோடு சேர்த்து வழங்கப்பட்ட 1914–1918 யுத்தப் பதக்கம் வெள்ளியில் ஆனது. குதிரைமேல் ஒரு வீரன் இருப்பான். அதன் விளிம்பிலும் இதே பெயர் இருந்திருக்கும். சேலத்துக் கொலுசு தேசமெங்கும் பெயர் பெற்றது; அந்தக் கொலுசுகளில் எத்தனை சிப்பாய்களின் பெயர் கரைந்திருக்கிறதோ யார் கண்டார்கள்? இது நம் ஊரில் மட்டும் நடந்ததன்று. 1980-ஐ ஒட்டி வெள்ளி விலை ஏறியபோது, இங்கிலாந்திலேயே இந்தப் பதக்கங்கள் ஏராளமாக உருக்கப்பட்டன. ஏழைக் குடும்பம் பெண் குழந்தையின் காலுக்குக் கொலுசு போட்டதைக் குற்றமென்று சொல்ல நமக்கு வாய் வராது. அந்த வெள்ளி ஒரு சாம்ராஜ்யத்தின் பெட்டியில் தூங்கியதைவிட ஒரு குழந்தையின் காலில் ஒலித்தது மேல் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் மூசையில் போடுமுன் ஐந்து நிமிஷம், ஒரு பென்சில், ஒரு காகிதம் இருந்திருக்கலாம்!

மதிப்பில்லாத வெண்கலம் என்று கடைக்காரர் தள்ளியதால் மிஞ்சியது இந்த ஒன்று. யுத்தத்துக்குப் போனவர் எங்கே போனார் என்று விசாரித்தோம். "பஸரா சண்டைக்குப் போனாருன்னு சொல்லுவாங்க" என்றார். விளிம்பிலுள்ள 61-ஆம் பயோனியர் படையோ, 1914-ல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்ட படைகளில் ஒன்று. நோட்டுப் புத்தகத்தில் இரண்டையும் எழுதினான் பையன்: 'வீட்டார் சொல்வது, பஸரா. விளிம்பு காட்டும் படை சென்றது, கிழக்கு ஆப்பிரிக்கா.' எது உண்மை, அல்லது இரண்டும் உண்மையா என்பதை அவன் வளர்ந்து கண்டுபிடிக்கட்டும்.

"உங்கள் மாமனார் பெயர் என்ன, அம்மா?" என்று கேட்டோம்.

கிழவியார் புன்னகையுடன் தலையை ஆட்டினார். "மாமனாரு பேரை மருமவ வாயால சொல்லலாமுங்களா? அறுபது வருசத்துக்கு மேல ஆச்சு, ஒரு நாளும் சொன்னதில்லை" என்றார்.

பையன் பூதக்கண்ணாடியை எடுத்தான். தகட்டைத் திருப்பித் திருப்பி, எண்ணையும் பதவியையும் படித்து, பெயரை உரக்கப் படித்தான். அந்தப் பெயரை நாம் இங்கே எழுதவில்லை; அது அந்த வீட்டின் சொத்து.

கிழவியார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சொல்லப்படாது, சாமி. நீ சொல்லு. இன்னொருக்காப் படி, கேட்டுக்கறேன்" என்றார்.